ஒரு கரண்டி உறைமோர்

அங்கயற்கண்ணி பிறந்ததிலிருந்து சாராயத்தை மோந்துகூடப் பார்த்தவள் இல்லை. அப்பேர்ப்பட்டவள், பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு, முகமெல்லாம் செக்கச்செவேலென்று சிவந்து, குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்துக்கொண்டு, மதுரையில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வந்து சேர்ந்தாள். ஏதோ ஒவ்வாமை என்று ஊசி போட்டுத் தேற்றி அனுப்பிவைத்தார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை, மறுபடியும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இந்த முறை ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய், சில நொடிகள் இதயமே நின்று, பிறகு என்ன நினைத்ததோ திரும்ப ஓட ஆரம்பித்தது. வராந்தாவில் அவள் அம்மா பேச்சியம்மாளின் மடியில் கைக்குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

அன்று பணியில் இருந்தவர் டாக்டர் ஷாநவாஸ். அதற்கு முன்னால் ஒரு மறுவாழ்வு மையத்தில் குடிநோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தவர். அந்தச் சிவப்பை வேறு முகங்களில் நிறையப் பார்த்திருக்கிறார். மையத்தின் ஆய்வுக்கூடத்துக்குப் போன் போட்டார்.

"எஸ்தர், கொஞ்சம் வந்துட்டுப் போங்க. புள்ள பெத்த பொண்ணு ஒண்ணு வந்திருக்கு. பாத்தா உங்க ஆளுங்க மூஞ்சி மாதிரியே இருக்கு."

"என் ஆளுங்கன்னா?"

"உங்க தயிரையும் சாப்பிட்டுட்டு, அதுக்கு மேல ஒரு குவார்ட்டரையும் அடிச்சுட்டு வருவாங்கள்ல, அவங்க."

எஸ்தர் ஜெயசீலி சிரித்துவிட்டாள். போனை வைத்த பிறகுதான் சிரிப்பு நின்றது. ஷாநவாஸ் விளையாட்டுக்குக் கூப்பிடுகிற ஆள் இல்லை.

எஸ்தரின் தயிரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குடியை விட வைக்க ஒரு பழைய மாத்திரை உண்டு. அதை விழுங்கியிருக்கும்போது ஒரு மிடறு உள்ளே போனால் போதும், முகம் சிவக்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், குமட்டிக்கொண்டு வரும். அருமையான மாத்திரைதான். ஒரே ஒரு சங்கடம், தினமும் விழுங்க வேண்டும். குடிக்க ஆசை வருகிற அன்றைக்குத்தான் மனிதனுக்கு மாத்திரை மறந்துபோகும். மாத்திரையை நம்பி ஏமாந்த குடும்பங்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், எஸ்தர் ஒரு கேள்வி கேட்டாள்: அந்த மாத்திரை வயிற்றிலேயே குடியிருந்தால் என்ன?

பதினோரு வருட உழைப்பு அது. பாக்டீரியாவைப் பிடிக்கிற வைரஸ் ஒன்றை எடுத்து, அதன் டி.என்.ஏ.வில் ஒரு ஜீனைச் சேர்த்து, தயிரில் வளர்கிற ஒரு பாக்டீரியாவுக்குள் அனுப்பினாள். வைரஸ் உள்ளே போய் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வோடு தன்னைப் பிணைத்துக்கொண்டு அடங்கிவிட்டது. ஆய்வுக்கூடத்தில் அதற்கு 'விருந்தாளி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த பாக்டீரியா குடலில் தங்கிவிட்டால், குடிக்கிற சாராயத்தை உடனே குமட்டல் உண்டாக்கும் பொருளாக மாற்றிவிடும். குடலைச் சுத்தம் செய்து ஒரே ஒரு கிண்ணம் தயிர் கொடுத்தால் வேலை முடிந்தது. விரும்பி ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும்தான் கொடுத்தார்கள். முதல் தொகுதியில் முக்கால்வாசிப் பேர் குடியை விட்டிருந்தார்கள். எஸ்தர் தலை நிமிர்ந்து நடந்தாள். நடக்காமல் என்ன செய்வாள்?

கண்ணி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். அவள் மூச்சுக்காற்றை எஸ்தர் தன் கையடக்கக் கருவியில் பிடித்துப் பார்த்தாள். சின்னத் திரையில் சிவப்பு, விருந்தாளி இருக்கும் உடம்பு காட்டுகிற நிறம். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அப்போதும் சிவப்புதான்.

"என்ன சாப்பிட்டாங்க?" என்று பேச்சியம்மாளைக் கேட்டாள்.

"பத்தியச் சாப்பாடுதேன் தாயி. பூண்டுக் குழம்பு, கருவாடு. அம்புட்டுத்தேன்."

"தயிர் குடுத்தீங்களா?"

பேச்சியம்மாள் எஸ்தரை மேலும் கீழும் பார்த்தாள். படித்த பெண் கேட்கிற கேள்வியா இது என்பது அந்தப் பார்வையில் இருந்தது. "பச்ச உடம்புக்காரிக்கு யாராச்சும் தயிரு குடுப்பாகளா?"

"மாசமா இருந்தப்ப?"

"அப்ப தெனம் தயிர்ச்சோறுதேன். வேற எது தின்னாலும் ஓங்கரிச்சா. பக்கத்து வீட்டுத் தனக்கொடிகிட்ட உறை வாங்கி ஊத்துனேன். கத்தி போட்டு வெட்டலாம், அம்புட்டுக் கெட்டி."

"சரி. இன்னிக்கு மருந்து ஏதாச்சும்?"

"இடுப்புக்குப் பெலம் வரணும்னு தசமூலாரிஷ்டம் ரெண்டு மூடி குடுத்தேன். போன தடவையும் அதேதேன்."

"அதுல சாராயம் இருக்கும்மா."

"சாராயமா? அது மருந்து!" என்று பேச்சியம்மாள் பதறிப்போய் எழுந்தாள். பாவம், அவள் சொன்னதும் உண்மைதான். தானாகப் புளித்து ஊறுகிற மருந்து அது. மற்ற உடம்புகளுக்கு ஒன்றும் செய்யாது. விருந்தாளி குடியிருக்கும் உடம்புக்கு அதுவே விஷம்.

எஸ்தர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தனக்கொடி என்கிற பெயர் அவளுக்குத் தெரியும். முதல் தொகுதியில் கையெழுத்துப் போட்ட உக்கிரபாண்டியின் மனைவி. மையத்தில் கூட்டம் நடந்தால் உக்கிரபாண்டிதான் மேடையேறித் தான் குடியை விட்ட கதையைச் சொல்வார்.

எங்கே தப்பு நடந்தது என்று அவளுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. வைரஸ் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக் கூடாதென்று பார்த்துப் பார்த்துப் பூட்டுப் போட்டிருந்தாள். பரவும் வாய்ப்பு அறவே இல்லை என்று கட்டுரையில் எழுதினாள். அதைச் சரிபார்த்த வெளிநாட்டு நிபுணர்கள் கடையில் டப்பாத் தயிர் வாங்கி, தின்று முடித்து, டப்பாவைக் குப்பையில் போடுகிறவர்கள். அவர்களுக்குத் தோன்றாததில் அதிசயம் இல்லை. எஸ்தருக்கு என்ன கேடு? அன்று காலையில்கூட, நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்துப் பாலில் விட்டு மூடி வைத்துவிட்டுத்தான் வேலைக்கு வந்தாள். கெட்டித் தயிர் கண்ணில் பட்டால் அதில் ஒரு கரண்டியை உறைக்கு எடுத்து வைக்காத வீடு தமிழ்நாட்டில் உண்டா? நாலு கதவையும் பூட்டிவிட்டுச் சன்னலைத் திறந்து போட்டவளாகத் தன்னை நினைத்து வெட்கப்பட்டாள்.

*

நகரத்தின் தெற்கே, பழைய நூற்பாலை ஒன்றின் தொழிலாளர் குடியிருப்பு. ஒன்றையொன்று ஒட்டிய ஓட்டு வீடுகள். எஸ்தர் போனபோது தனக்கொடி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த சேலையை அப்படியே வாளியில் போட்டுவிட்டாள்.

"கண்ணி பொழச்சுக்கிருவாளா?"

"பொழச்சுக்குவா. அவ உள்ள இருக்கறதை விரட்ட நேத்தே மருந்து குடுத்துட்டோம். நீங்கதான் குடுத்தீங்களா?"

"நாந்தேன் குடுத்தேன்." மறைக்க வேண்டுமென்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. "அவரு சாப்பிட்ட கிண்ணத்துல அடியில கொஞ்சம் ஒட்டியிருந்துச்சு. தூரப் போட மனசு வரல. கொண்டாந்து பால்ல போட்டேன். அம்புட்டு அழகா உறைஞ்சுச்சு. அப்புறம் ஒரு நாளு, கடைசி வீட்டு ஆளு என்னா அடி அடிச்சான் தெரியுமா அவன் பொண்டாட்டிய. அவளைக் கூப்பிட்டு ஒரு கரண்டி குடுத்தேன். தெனம் போடு, ஒரு மாசத்துல பாருன்னேன்."

"அவன் நிறுத்திட்டானா?"

"மொத மூணு வாட்டி வாந்தி எடுத்தான். கடையில கலப்படம்னு சண்டைக்குப் போனான். நாலாவது வாட்டி போகவே இல்ல."

அதற்குள் நாலைந்து பெண்கள் வந்து நின்றிருந்தார்கள். இந்த வரிசையில் பாதி வீடு, அடுத்த வரிசையில் சில வீடு, கல்யாணமாகிப் போன பெண்கள் மூலமாக ஊருக்கு வெளியேயும் சில பானைகள் என்று தனக்கொடிதான் சொன்னாள். எஸ்தர் விரல் விட்டு எண்ணத் தொடங்கிப் பயந்துபோய் நிறுத்தினாள். உள்ளுக்குள் ஒரு மூலையில், கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டாள், பெருமையாகவும் இருந்தது.

"அது என்னா பூச்சி டாக்டரம்மா? உள்ள எங்கிட்டு உக்காந்திருக்கு?" என்றாள் தனக்கொடி.

"பூச்சி இல்ல, வைரஸ். நம்மளை வைரஸ் புடிக்கிற மாதிரி, தயிர்ல இருக்கற பாக்டீரியாவையும் புடிக்கிறதுக்குன்னு வைரஸ் இருக்கு. அதுல ரெண்டு ரகம். ஒண்ணு, உள்ள நுழைஞ்ச உடனே தன்னையே நூறாப் பெருக்கிக்கிட்டு, இருந்த எடத்தை உடைச்சுட்டு வெளிய வந்துரும். இன்னொண்ணு நைசான ஆளு. தன்னோட டி.என்.ஏ.வை மட்டும் உள்ள எறக்கும். பாக்டீரியாவோட டி.என்.ஏ. நீளமா நூல் மாதிரி இருக்கும். அதுல தனக்குப் பொருந்துற எடம் ஒண்ணைத் தேடிப் புடிச்சு, அங்க வெட்டி, நடுவுல தன்னைச் செருகி, ரெண்டு முனையையும் ஒட்டிக்கிரும். அப்புறம் மூச்சு விடாது."

"ரேஷன் கார்டுல பேரைச் சேத்துக்கிட்ட மாதிரி."

"அதேதான். அந்தக் கார்டை எத்தனை நகல் எடுத்தாலும் அந்தப் பேரும் சேந்துதான வரும்? பாக்டீரியா ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். எல்லாத்துலயும் அது இருக்கும்."

"பேரை அடிக்க முடியாதா?"

"வேணும்னா தன்னை வெட்டிக்கிட்டு வெளிய வர அதுக்குன்னு ஒரு கத்திரி உண்டு. அதை நான் புடுங்கிட்டேன். வெளிய வந்து வேற பாக்டீரியாவுக்குப் போயிடக் கூடாதுன்னு. ஆனா பாக்டீரியாவே ஒரு வீட்ல இருந்து இன்னொரு வீட்டுக்குக் கரண்டியில போகும்னு நெனைக்கல."

பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எஸ்தருக்குச் சிரிப்பு வரவில்லை.

"இது சிரிக்கிற விஷயம் இல்லம்மா. கண்ணிக்குச் சில நொடி உசுரே இல்ல. நாளைக்கு இருமல் மருந்து குடிச்சுட்டு ஒருத்தர் பஸ் ஓட்டிட்டுப் போவாரு. நெஞ்சுவலிக்காரர் ஒருத்தர் தெரியாம ஒரு கிளாஸ் குடிப்பாரு. உங்க வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டவரு, தனக்கொடி. எதைத் தொடக் கூடாதுன்னு அவருக்குச் சொல்லியிருக்கோம். மத்தவங்களுக்கு உள்ள என்ன இருக்குன்னே தெரியாது. அவங்க உடம்பு அது. கேட்டிருக்கணும்."

தனக்கொடி தன் இடது கையை நீட்டினாள். மணிக்கட்டு லேசாகக் கோணியிருந்தது. "ரெண்டு தடவை ஒடிஞ்சிருக்கு. இதுவும் என் உடம்புதேன். ஒடிக்கையில கேட்டாரா? இந்த ஆம்பளைங்க குடிக்க ஆரம்பிக்கையில எங்ககிட்டக் கையெழுத்து வாங்கிட்டா ஆரம்பிச்சாக?"

எஸ்தர் அந்தக் கோணல் மணிக்கட்டையே பார்த்தாள். அவள் படித்த எந்தப் புத்தகத்திலும் இந்தக் கேள்வி இல்லை. ஆனால் அதற்காகக் கண்ணியின் நின்றுபோன இதயத்தை மறந்துவிட முடியாதே.

*

மறுநாளே எஸ்தர் நெறிமுறைக் குழுவுக்குத் தானே தகவல் சொன்னாள். சோதனையை நிறுத்தச் சொன்னார்கள். குடியிருப்பில் முகாம் போட்டு, வெளியே போன பானைகளையும் தேடிப் பிடித்து, பரவியதை அகற்றும் பொறுப்பையும் அவள் தலையிலேயே கட்டினார்கள். அதற்கான ஆயுதம் அவளிடம் இருந்தது. நைசான ரகம் அல்ல, உடைக்கிற ரகத்தைச் சேர்ந்த இன்னொரு வைரஸ். விருந்தாளி குடியிருக்கும் பாக்டீரியாவை மட்டும் தேடிப் பிடித்து உடைத்துவிட்டு, உடைக்க ஆள் இல்லாமல் போனதும் தானும் அழிந்துவிடும். ஒரு மடக்குத் தண்ணீரில் கலந்து குடித்தால் இரண்டு நாளில் வயிற்றிலிருந்து விருந்தாளி காலி. தயிர்ப் பானைக்கும் அதே வைத்தியம்.

ஆனால் எப்படிக் கொடுப்பது? குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டியில் கலந்துவிடலாமே என்றார் குழுவில் ஒருவர். ஒரே நாளில் வேலை முடியும், யாருக்கும் எதையும் விளக்க வேண்டாம், ஊர் வாயில் விழ வேண்டாம். எஸ்தர் ஒரேயடியாக மறுத்துவிட்டாள்.

"கேக்காம வச்சது தப்புன்னுதான இங்க உக்காந்து பேசிட்டிருக்கோம்? கேக்காம எடுக்கறதும் அதே தப்புதான். எல்லாரையும் கூப்பிட்டு உள்ளதைச் சொல்லுவேன். வேணாம்கிறவங்க மருந்தைக் குடிக்கட்டும். வேணும்கிறவங்க கையெழுத்துப் போட்டு வச்சுக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை முகாம் என்று குடியிருப்பில் ஒட்டினார்கள். சனிக்கிழமை காலையில் தனக்கொடி ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டாள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"டாக்டரம்மா, எடுக்கறதுன்னா எடுத்துருங்க. புள்ள பெத்தவ சாகக் கெடந்துட்டா. இனிமே நான் மல்லுக்கு நிக்க மாட்டேன். ஆனா எடுத்துட்டீங்கன்னு ஆம்பளைங்ககிட்டச் சொல்லாதீங்க. சத்து மருந்துன்னு சொல்லிக் குடுங்க. உள்ள இன்னும் இருக்குன்னே நெனச்சுக்கிட்டு இருக்கட்டும். அந்தப் பயம் போதும் எங்களுக்கு."

"பொய் சொல்லச் சொல்றீங்க."

"ஆமா."

"முடியாது, தனக்கொடி. பொய் சொல்லி ஒருத்தரைக் குணமாக்குறது வைத்தியம் இல்ல. இந்தக் குழப்பமே யாரும் யாருகிட்டயும் சொல்லாததால வந்ததுதான். என்னைக் கேட்டா உள்ளதைத்தான் சொல்லுவேன்."

தனக்கொடி அவளையே பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் எஸ்தருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "உங்களுக்கு வீட்டுல காத்துக்கெடந்து பழக்கமில்ல" என்று மட்டும் சொன்னாள். "வாசல்ல செருப்புச் சத்தத்தை வச்சே இன்னிக்கு அடியா, அழுகையான்னு கண்டுபிடிப்போம். இந்த ஒண்ணரை வருசமாத்தேன் நான் அந்தச் சத்தத்தைக் கேக்காமத் தூங்குறேன்."

அவள் போன பிறகு எஸ்தருக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஆனாலும் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. தான் செய்வது சரி என்பதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகம் இருந்ததில்லை.

*

முகாம் பாலர் பள்ளிக்கூடத்தில் நடந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். எஸ்தர் எதையும் மறைக்காமல் சொன்னாள். தப்பு முதலில் தன்னுடையது என்றும் சொன்னாள். யார் வீட்டில் யார் உறை ஊற்றினார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. ஒவ்வொரு ஆணும் தலையைத் திருப்பி எதிர்ப்பக்கத்தில் தன் மனைவியைத் தேடினான்.

கூச்சல் வரும் என்று எஸ்தர் தயாராக இருந்தாள். அதைவிட மோசமானது நடந்தது. கடைசி வீட்டுச் சந்தனக்கருப்பு மெதுவாக எழுந்தான். கட்டுமஸ்தான ஆள்.

"அப்ப நானா விடலையா?"

"கடைப் பக்கமே திரும்பாம நடந்து வந்திருக்கேன். எம் மக பள்ளிக்கூடத்துல போயி, எங்கப்பா குடிய விட்டுட்டாருன்னு சொல்லியிருக்கா. நானும் பெரிய ஆளுன்னு நெனச்சேன். எல்லாம் தயிரா?"

அவன் முதல் ஆளாக வந்து மருந்தை வாங்கிக் குடித்துவிட்டு, வெளியே வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டான். அவன் மனைவி எழுந்து போவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். அடித்தவன்தான். ஆனால் அவனிடமிருந்து எதையோ பிடுங்கியாகிவிட்டது, அதைத் திருப்பிக் கொடுக்க எஸ்தரிடம் எந்த மருந்தும் இல்லை.

பிறகு வரிசை நகர்ந்தது. நாக்கில் ஒரு சொட்டு சாராயம் கலந்த சர்க்கரைத் தண்ணீர், கொஞ்ச நேரம் கழித்து மூச்சுக்கருவியில் ஒரு ஊதல். சிவப்பு என்றால் உள்ளே இருக்கிறது. பச்சை என்றால் இல்லை. பெண்களும் குழந்தைகளும் ஒருவர் விடாமல் மருந்தைக் குடித்தார்கள். ஆண்களில்தான் வேடிக்கை. சிலர் திட்டிக்கொண்டே குடித்தார்கள். சிலர் சிவப்பைப் பார்த்துவிட்டு, அக்கம்பக்கம் பார்த்து, "இருந்துட்டுப் போகட்டும் டாக்டரம்மா, அது பாட்டுக்கு இருக்கு, என்னா இப்ப" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு நழுவினார்கள். இதை எஸ்தர் எதிர்பார்க்கவில்லை. கேட்டால் மனிதர்கள் சரியானதையே தேர்ந்தெடுப்பார்கள் என்ற அவளுடைய நம்பிக்கைக்குப் பாதி மதிப்பெண்ணாவது கிடைத்தது.

கடைசியாக உக்கிரபாண்டி வந்தார். கையெழுத்துப் போட்ட நோயாளி என்பதால் அவருக்கு அவசரம் இல்லை, ஆனாலும் எல்லோரையும் பார்ப்பதுபோல அவரையும் பார்க்க வேண்டும். தனக்கொடி அப்போது வெளியே பானைகளில் சொட்டு மருந்து விடுவதை மேற்பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஊதினார். எஸ்தர் திரையைப் பார்த்தாள்.

பச்சை.

துடைத்துவிட்டு மறுபடி ஊதச் சொன்னாள். பச்சைதான்.

"அது அப்புடித்தேன் காட்டும்" என்றார் உக்கிரபாண்டி, குரலைத் தாழ்த்திக்கொண்டு.

"எப்படி? உங்களுக்கு இருந்துச்சு. நானே பாத்தேன்."

"இருந்துச்சு. நீங்க பாக்கறதை நிறுத்துன பெறகு எனக்கு ரெண்டு பல்லு புடுங்குனாக. சீழ் வச்சுருச்சு. பெரிய பெரிய மாத்திரையா ரெண்டு வாரம் குடுத்தாக. அதுல எல்லாம் செத்துப்போயிருச்சு போல."

"வீட்ல தயிர் தினமும் சாப்பிடுவீங்களே."

"தயிருன்னாலே எனக்கு ஆகாது டாக்டரம்மா. அன்னைக்கு மருந்தாச்சேன்னு கண்ணை மூடிக்கிட்டு முழுங்குனேன். அதுக்கப்புறம் தொட்டதில்ல."

"இல்லேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் வாசலை ஒரு முறை பார்த்துக்கொண்டார். "ஒரு நாளு மில்லுல பெரிய சண்டை. மனசு விட்டுப்போயி, வாந்தி வந்தா வரட்டும்னு கடைக்குப் போயி ஒரு பீர் வாங்கிக் குடிச்சேன். வாந்தி வரும் வரும்னு உக்காந்திருந்தேன். ஒண்ணும் வரல. நல்லா ஏறுச்சு. அப்பத்தேன் பயந்துபோயிட்டேன். என்னைத் தடுக்க உள்ள ஒருத்தரும் இல்லேன்னு தெரிஞ்சு போச்சு. எந்திரிச்சு வந்துட்டேன். வீட்டுக்குள்ள போனா, அவ வாயைத் திறந்து போட்டுத் தூங்குறா. பட்டப்பகல்ல. இத்தனை வருசத்துல நான் வீட்டுக்கு வர்ற நேரத்துல அவ தூங்கி நான் பாத்ததே இல்ல." மறுபடியும் வாசலைப் பார்த்தார். "அன்னைலருந்து தொடல."

"எவ்வளவு நாளாச்சு?"

"ஒரு வருசத்துக்கு மேல இருக்கும்."

ஒரு வருடமாக மேடையேறி, டாக்டரம்மா கொடுத்த மருந்துதான் தன்னைக் காப்பாற்றியது என்று பேசியவர் இவர். எஸ்தர் தன் வாழ்க்கையின் மிகப் பெரிய வெற்றி என்று எழுதி வைத்திருந்ததும் இவரைத்தான். அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. அது வருத்தத்தில் வந்த அழுகை இல்லை.

"இதை வெளியில சொல்லியிருக்கலாமே? நீங்களாவே விட்டிருக்கீங்க. எவ்வளவு பெரிய விஷயம் அது."

"எனக்குத் தெரியும்ல, அது போதும். அவளுக்குத் தெரியக் கூடாது. அவ என்னைய நம்பித் தூங்கல டாக்டரம்மா. நம்புறதுக்கு நான் அப்புடி ஒண்ணும் நடந்துக்கிட்டதும் இல்ல. அவ அந்த வைரஸை நம்பித் தூங்குறா. அது இல்லேன்னு தெரிஞ்சா மறுபடியும் வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்துருவா."

எஸ்தர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஒருத்தருக்கொருத்தர் உள்ளதைப் பேசிவிடுங்கள், அதுதான் நல்லது என்று சொல்ல நினைத்திருக்கலாம். அதற்குள் தனக்கொடி உள்ளே வந்து, தன் தயிர்ப் பானையைக் கீழே வைத்துவிட்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"பானையெல்லாம் முடிஞ்சது. நாளைக்குப் பால்ல மொளகாக் காம்பைத்தேன் கிள்ளிப் போடணும், உறைக்கு ஒரு வீட்டுலயும் மோரு இல்ல" என்றவள், கணவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினாள். மருந்துக் குவளை நிரம்பியபடியே இருந்தது. "இவரு குடிச்சுட்டாரா?"

"நான் வேணாம்னுட்டேன்" என்றார் உக்கிரபாண்டி. "இருக்கட்டும் உள்ளயே."

தனக்கொடி அவரைத் தாண்டி எஸ்தரிடம் வந்தாள். நேற்று உட்கார மறுத்தவள், இப்போது மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோணிய மணிக்கட்டு வெளுத்திருந்தது.

"சோதிச்சீங்களா டாக்டரம்மா? உள்ளதைத்தேன் சொல்லுவேன்னீங்க. சொல்லுங்க. இருக்கா?"

எஸ்தரின் கையில் கருவி இருந்தது. திரை அவள் பக்கம் திரும்பியிருந்தது. அவள் உக்கிரபாண்டியைப் பார்க்கவில்லை. பார்த்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்தாள். கருவியைக் குப்புற மேசைமேல் வைத்தாள்.

"இருக்கு, தனக்கொடி" என்றாள். "கெட்டியா இருக்கு."

தனக்கொடி விட்ட மூச்சு அறை முழுக்கக் கேட்டது. பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

"அதானே பாத்தேன். அது இல்லேன்னா இந்த மனுசன் ஒரு நாளு தாங்குவாரா?"

"எங்கிட்டுத் தாங்குறது" என்று சொல்லிக்கொண்டே, உக்கிரபாண்டி எழுந்து அவளுடைய தயிர்ப் பானையைக் கையில் எடுத்துக்கொண்டார்.